சித்தப்பா போட்ட துளைகள்

எங்கள் குடும்பத்தில் சர்க்கார் உத்தியோகம் பார்த்தவர்களுக்குக் குறைவில்லை. தாலுகா ஆபீஸ், தபால் ஆபீஸ், ரயில்வே என்று ஆளுக்கு ஓர் இலாகா. ஓய்வு பெற்ற பிறகு சொல்லிக்கொள்ள ஆளுக்கு ஒரு பெருமையும் உண்டு. "நான் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்த காலத்திலே..." என்று பெரியப்பா ஆரம்பித்தாரானால் கையிலிருக்கும் காப்பி ஆறிப்போகும். இத்தனை பேரில், தம் வேலையைப் பற்றி வாயே திறக்காதவர் என் கடைசிச் சித்தப்பா ஒருவர்தான்.

அவர் பூமிக்குள் யுரேனியம் தேடியவர். சென்னையில் பூகர்ப்ப சாஸ்திரம் படித்துவிட்டு 1971-ல் வேலையில் சேர்ந்தார். 2008-ல் ஓய்வு பெற்றார். இந்த 37 வருஷத்தில் வீட்டில் இருந்த நாட்களைவிடக் காட்டில் கூடாரம் போட்டுக்கொண்டு இருந்த நாட்களே அதிகம். கல்யாணம், வளைகாப்பு, கருமாதி எதற்கும் சித்தி தனியாகத்தான் வருவாள். "அவர் எங்கே?" என்று கேட்டால், "துளை போடப் போயிருக்கிறார்" என்பாள். "ஏதாவது அகப்பட்டதா?" என்று யாராவது விஷமமாகக் கேட்டால், "அகப்படாவிட்டாலும் சம்பளம் தருகிற தர்மப் பிரபு சர்க்கார்தானே!" என்று அவளே சிரித்துவிடுவாள். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் கசப்பும் கலந்திருக்கும்.

சென்ற ஆண்டு சித்தப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆயிற்று. ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கிறது என்று பத்து நாள் என் வீட்டில் தங்கினார். பேப்பர் படிக்கக் கூடாது, டெலிவிஷன் பார்க்கக் கூடாது என்று டாக்டர் உத்தரவு. பேசுவதைத் தவிர அவருக்கு வேறு வழி இல்லை. கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்குமா? விஞ்ஞானத்தோடு என் உறவு காலேஜில் இரண்டாம் வருஷத்தோடு அறுந்துபோயிற்று. ஆகையால், அவர் சொன்னதில் என் புத்திக்கு எட்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் நாள் காலையில் அடுக்களைக்கு வந்தவர், மேடையில் பதித்திருந்த கடப்பைக் கல்லை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார்.

"இதிலேயும் இருக்கு" என்றார்.

என் மனைவி கையிலிருந்த தோசைத் திருப்பியைக் கீழே போட்டுவிட்டாள்.

"பயப்படாதேம்மா. எல்லாக் கல்லிலேயும்தான் இருக்கு. வாசல் படியிலே போட்டிருக்கீங்களே கிரானைட், அதிலே இன்னும் கொஞ்சம் ஜாஸ்தி. ஒரு கெடுதலும் பண்ணாது. நீ தோசையைப் பாரு."

பூமியின் மேலோட்டில் சாதாரணப் பாறை ஒரு டன் எடுத்துப் பொடி செய்து பார்த்தால், அதில் ஏறக்குறைய 3 கிராம் யுரேனியம் இருக்குமாம். தங்கம் இருப்பதைவிட நூற்றுக்கணக்கான மடங்கு அதிகம். "அப்படியென்றால் 37 வருஷம் எதைத் தேடினீர்கள்?" என்று கேட்டேன்.

"ஜனங்க இருக்காங்களான்னு தேடலைடா. ஜனங்க எங்கேயும்தான் இருக்காங்க. திருவிழா எங்கே நடக்குதுன்னு தேடினோம்."

நம் நாட்டில் இந்தத் திருவிழாவைத் தேடும் வேலை 1949-ல் தொடங்கியது. வாடியா என்ற பெயர்பெற்ற பூகர்ப்ப சாஸ்திரி அதற்குத் தலைமை வகித்தார். இரண்டே வருஷத்தில், 1951-ல், அப்போது பீகாரில் இருந்த சிங்பூம் ஜில்லாவில், தாமிரம் எடுத்துக்கொண்டிருந்த மலைத்தொடரில், ஜாதுகுடா என்ற இடத்தில் அகப்பட்டது. அகப்பட்டது என்றால் வாரி எடுக்கும்படியாக அல்ல. ஒரு டன் கல்லில் சுமார் 600 கிராம். பத்து டன் லாரி நிறையக் கல்லை உடைத்து அரைத்தால் 6 கிலோ. கனடாவில் 1981-ல் சிகார் லேக் என்ற ஏரிப் பக்கம், தரைக்குக் கீழே 400 மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் ஒரு தாதைக் கண்டுபிடித்தார்கள். அதில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் யுரேனியம். "அவங்களுக்கு அது விருந்து. நமக்குக் கூழ்" என்றார் சித்தப்பா. ஆனாலும் கூழைத் தேடுவதற்கும் அதே கருவிகள்தான் வேண்டும்.

நான் சினிமாவில் பார்த்திருந்தேன்: ஒருவன் கையில் பெட்டியை எடுத்துக்கொண்டு மலையில் நடப்பான், பெட்டி டிக் டிக் என்று அடித்துக்கொள்ளும், அவன் தொப்பியை ஆகாயத்தில் எறிவான். இதைச் சொன்னதும் சித்தப்பா ஒரு கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார். மற்றக் கண்ணில்தான் கட்டுப் போட்டிருந்ததே!

பெட்டி அடித்துக்கொள்வது வாஸ்தவந்தான். விமானத்தில் பெரிய படிகங்களை ஏற்றிக்கொண்டு தாழப் பறந்தும் இதே கதிர்களை அளக்கிறார்கள். ஆனால் அரை மீட்டர் கனத்துக்கு மண் மூடியிருந்தால் போதும், கீழேயிருந்து வரும் காமா கதிர் அதிலேயே அடங்கிவிடும். பொக்கிஷத்தின் மேல் முழங்கால் அளவு மண் இருந்தால், விமானம் தலைக்கு மேலே சுற்றிவிட்டு ஒன்றும் அறியாமல் போய்விடும்.

இன்னொரு விசித்திரமும் உண்டு. கருவிக்குக் கேட்பது யுரேனியத்தின் குரலே அல்ல. யுரேனியம் கோடிக்கணக்கான வருஷங்களில் மெல்ல மெல்லச் சிதைந்து ரேடியமாகி, ரேடான் என்ற வாயுவாகி, பிஸ்மத்தாகி, கடைசியில் ஈயமாக அடங்குகிறது. இந்த வம்சத்தில் பலமாகச் சத்தம் போடுவது பிஸ்மத்.

"தாத்தா வாயைத் திறக்கமாட்டார். பேரன் போடற கூச்சலை வைச்சு தாத்தா வீடு எதுன்னு கண்டுபிடிக்கணும். சில சமயம் பேரன் வேற ஊருக்குக் குடி போயிருப்பான். ரேடியத்தைத் தண்ணி இழுத்துட்டுப் போயிரும். பெட்டி ஓகோன்னு அடிக்கும். தோண்டிப் பார்த்தா தாத்தாவும் இல்லை, பாட்டியும் இல்லை."

அதனால் பெட்டியை மட்டும் நம்புவதற்கில்லை. மண்ணில் சிறு குழிகள் பறித்து, வெடிப்புகளின் வழியாகக் கசிந்து வரும் ரேடானை அளப்பார்கள். ஊர்க் கிணறுகளில் தண்ணீர் எடுத்துச் சோதிப்பார்கள். தரையில் மின்சாரத்தைச் செலுத்தி, எந்தப் பாறை விடுகிறது, எது தடுக்கிறது என்று பார்ப்பார்கள். காந்தம் எங்கே மாறுகிறது, பூமியின் ஈர்ப்பு எங்கே மயிரிழை கூடுகிறது என்று அடி அடியாகக் குறிப்பார்கள். இந்தக் கடைசிச் சோதனைகளில் எதுவும் யுரேனியத்தைக் காட்டுவதில்லை. பாறை எங்கே பிளந்திருக்கிறது, எங்கே மடிந்திருக்கிறது என்றுதான் காட்டும். வைத்தியர் நாடி பார்க்கிற மாதிரிதான். நாடியில் நோய் உட்கார்ந்திருப்பதில்லை. 1975-ல் ஆஸ்திரேலியாவில் ஒலிம்பிக் டாம் என்ற இடத்தில் இப்படி ஈர்ப்பும் காந்தமும் சேர்ந்து மாறியதைக் கண்டு, தாமிரத்துக்காகத் துளை போட்டார்கள். சுமார் 350 மீட்டர் வெறும் பாறையைத் தாண்டிய பிறகு தாமிரம் வந்தது. அதோடு கூட யுரேனியமும் வந்தது. உலகத்தில் இதுவரை தெரிந்த யுரேனியக் குவியல்களில் அதுவே மிகப் பெரியது.

எங்கள் ஊர்ப்பக்கம் கிணறு வெட்டுமுன் நீரோட்டம் பார்க்க ஒருவர் வருவார். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு வயலில் நடப்பார். தேங்காய் எழுந்து நிற்கும் இடத்தில் தண்ணீர் என்று கணக்கு. "நீங்களும் தேங்காய்க்காரர்தானா?" என்று கேட்டேன்.

"ஒரு வித்தியாசம் இருக்கு" என்றார் சித்தப்பா. "தண்ணி வரலைன்னா அவர் வேற ஊருக்குப் போயிருவார். நான் அங்கேயே உட்கார்ந்து, ஏன் வரலைன்னு ரிப்போர்ட் எழுதணும்."

எத்தனை சோதனை செய்தாலும் முடிவைச் சொல்வது துளைதான். குழாயின் நுனியில் வைரப் பொடி பதித்த பிட்டை மாட்டிச் சுழற்றுவார்கள். அது பாறையை வட்டமாக அறுத்துக்கொண்டே இறங்கும். நடுவில் நிற்கும் பாறை, இரண்டு அங்குலக் கனத்தில் உருளையாகக் குழாய்க்குள் ஏறும். அதற்குக் கோர் என்று பெயர். வெளியே எடுத்து, தடுப்புகள் அடித்த பெட்டியில் வரிசையாக அடுக்கி, இத்தனையாவது மீட்டர் என்று எழுதி வைப்பார்கள். பிறகு மெல்லிய கருவி ஒன்றைக் கயிற்றில் கட்டித் துளைக்குள் இறக்கி, கதிர் எந்த ஆழத்தில் எவ்வளவு என்று கோடு வரைவிப்பார்கள். கோடு எழும்பினால் கூடாரத்தில் பாயசம். அநேகமாகக் கோடு எழும்புவதில்லை. எழும்பாத துளைக்கு ரிப்போர்ட்டில் ஒரே வார்த்தை: இல்லை.

இந்தத் தேடலில் ஒரே துளையில் அதிர்ஷ்டம் அடித்தவர்களும் உண்டு. அமெரிக்காவில் சார்லி ஸ்டீன் என்ற பூகர்ப்ப சாஸ்திரி, வேலையில்லாமல், மனைவியோடும் நாலு பிள்ளைகளோடும் யூட்டா பாலைவனத்தில் தகரமும் தார்க் காகிதமுமாக ஒரு குடிசையில் கிடந்தார். டிக் டிக் பெட்டி வாங்கக் காசில்லை. பழைய துளைக் கருவி ஒன்றைத் தேடிப் பிடித்து, பிறர் 'வீண்' என்று சொன்ன இடத்தில் துளை போட்டார். மஞ்சள் நிறத் தாது வரும் என்று எதிர்பார்த்தார். வந்ததோ கரிய கல். 1952 ஜூலையில், 197 அடியில் கருவி உடைந்தது. மனம் உடைந்து, கறுப்புக் கோர்த் துண்டுகளை ஜீப்பில் போட்டுக்கொண்டு வந்தவர், பெட்ரோல் கடையில் ஒருவர் வைத்திருந்த கைகர் கருவியின் எதிரில் சும்மா காட்டினார். முள் கடைசி வரை ஓடி நின்றது. ஸ்டீன் கோடீசுவரர் ஆனார். தேய்ந்த பழைய பூட்ஸுக்கு வெண்கலப் பூச்சுப் போட்டு வைத்துக்கொண்டார். 1968-ல் திவாலும் ஆனார்.

சித்தப்பா இந்தக் கதையைப் பொறாமை இல்லாமல் சொன்னார். "அவனுக்கு ஒரு துளை போதும். எனக்கு எத்தனைன்னு நான் எண்ணலை. எண்ணினா தூக்கம் வராது" என்றார். நானும் எழுதிக் கிழித்த அத்தியாயங்களை எண்ணுவதில்லை. ஆனால் நான் கிழித்ததைக் குப்பைத் தொட்டி கூட ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. அவர் போட்ட துளை ஒவ்வொன்றுக்கும் சர்க்கார் கணக்கில் நம்பர் உண்டு.

"அத்தனை துளையிலும் ஒன்று கூடவா உங்களுக்குச் சந்தோஷம் தரவில்லை?" என்று எட்டாம் நாள் ராத்திரி கேட்டேன். வெகு நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னதுதான் இது.

எண்பதுகளில் ஒரு கோடை. கடப்பை ஜில்லாவில் ஒரு கிராமம். மழை பொய்த்து மூன்றாம் வருஷம். ஊர்க் கிணறு வறண்டு, பெண்கள் இரண்டு மைல் நடந்து தண்ணீர் சுமந்துகொண்டிருந்தார்கள். அந்த ஊருக்கு வெளியேதான் துளை போட வேண்டியிருந்தது. வைரப் பிட் சூடேறாமல் இருக்கத் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆகவே தினமும் தூரத்திலிருந்து டாங்கரில் தண்ணீர் வந்தது.

"குடிக்கத் தண்ணி இல்லாத ஊருக்கு, கல்லைக் குடையத் தண்ணி கொண்டாந்தோம். அந்த வெட்கம் இன்னும் போகலைடா."

டாங்கரின் குழாய்க்குக் கீழே குடங்கள் வரிசையாக நிற்கும். டிரில்லர் ஒன்றும் சொல்லாமல் குடங்களை நிரப்பிவிட்டுத்தான் ரிக்குக்குத் தண்ணீர் விடுவார். சித்தப்பா அந்த நேரத்தில் கூடாரத்துக்குள் ஏதோ எழுதிக்கொண்டிருப்பார். பார்த்தால் தடுக்க வேண்டும் அல்லவா?

ஒரு கிழவி தினமும் வந்து ரிக்குக்கு எதிரே குந்தியிருப்பாள். "நீள்ளு பட்டாயா, நாயனா?" என்று கேட்பாள். தண்ணீர் விழுந்ததா, அப்பா? சர்க்கார் இவ்வளவு பெரிய யந்திரத்தைக் கொண்டுவந்து பூமியைக் குடைகிறதென்றால் அது தண்ணீருக்காகத்தான் இருக்க வேண்டும் என்பது அவள் தீர்மானம். யுரேனியம் என்ற சொல்லைத் தெலுங்கில் எப்படிச் சொன்னாலும் அவளுக்கு விளங்கவில்லை. வேறு எதைத் தேடி இந்த வெயிலில் மனிதர்கள் வருவார்கள்?

62 மீட்டரில் பாறை வெடித்திருந்தது. மறுநாள் காலையில் பார்த்தால் துளையில் தண்ணீர் ஏறி நின்றது. துளை மேலும் கீழே போயிற்று. 180 மீட்டரில் நிறுத்தினார்கள். கருவியை இறக்கியபோது கோடு தூங்கும் பாம்பு மாதிரி நேராகக் கிடந்தது. இல்லை.

துளைத் தண்ணீரையும் வழக்கம்போலச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். தண்ணீரில் யுரேனியம் கரைந்திருந்தால் அதுவும் ஒரு துப்பு. அதிலும் ஒன்றும் இல்லை, குடிக்கிற தண்ணீர்தான். அந்தத் துளையை ஊருக்குக் கொடுத்துவிடச் சித்தப்பாவுக்கு அதிகாரம் கிடையாது. சிமெண்டால் அடைத்துவிட்டார்கள். கிழவி அடைப்பதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாளாம். கூடாரத்தைப் பிரிப்பதற்கு முதல் நாள், சித்தப்பா ஊர்ப் பெரியவரைக் கூப்பிட்டு ஒரு துண்டுக் காகிதம் கொடுத்தார். இன்ன இடத்திலிருந்து நாற்பது அடி கிழக்கே, 62 மீட்டரில் தண்ணீர்.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு தபால் கார்டு வந்தது. போர் போட்டோம், தண்ணீர் வந்தது, எல்லோரும் சௌக்கியம் என்று நாலு வரி. "அந்தக் கார்டை எந்த ஃபைலிலே வைக்கிறதுன்னு தெரியலை. அதனாலே வீட்டுக்கு எடுத்துட்டு வந்துட்டேன்" என்றார்.

"அப்படியானால் நீங்கள் கண்டுபிடித்துத்தான் இருக்கிறீர்கள், சித்தப்பா" என்றேன். கதைக்காரன் புத்தி, நல்ல முடிவு கிடைத்துவிட்டது என்று எனக்கு ஒரே குதூகலம்.

அவர் அதை ஏற்கவில்லை. "அது என் வேலை இல்லைடா. எனக்குச் சம்பளம் கொடுத்தது அதுக்கு இல்லை. ஒண்ணு யோசிச்சுப் பாரு. அந்தக் கோடு எழும்பியிருந்தா?"

யோசித்தேன். கோடு எழும்பியிருந்தால் அந்த ஊரைச் சுற்றி இன்னும் பல துளைகள் விழுந்திருக்கும். பிறகு சுரங்கம், ஆலை, அரைத்து மிஞ்சிய சேறு தேங்கும் குட்டை. ஜாதுகுடாவில் அப்படித்தான் வந்தது. அந்தக் குட்டைகளை ஒட்டிய கிராமங்களில் உள்ள ஆதிவாசி ஜனங்கள், தங்களுக்கும் பிள்ளைகளுக்கும் வரும் நோய்க்கு அதுதான் காரணம் என்று தொண்ணூறுகளிலிருந்து சொல்லி வருகிறார்கள். சுரங்கத்தார் இல்லை என்று மறுத்து வருகிறார்கள். மேகாலயாவில் டொமியாசியாட் என்ற இடத்தில் எண்பதுகளிலேயே நல்ல தாது அகப்பட்டும், காசி ஜனங்கள் பல பத்தாண்டுகளாக அங்கே சுரங்கம் தோண்ட விடவில்லை. இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். 1984-ல் கல்பாக்கத்தில் மின்சாரம் எடுக்கத் தொடங்கினார்களே, அந்த உலைக்கு வேண்டியது யுரேனியம். "விளக்கு வேணும்னா யாராவது எங்கேயாவது தோண்டத்தானே வேணும். நான் விளக்கு வேண்டாம்னு சொல்றவன் இல்லை" என்றார் சித்தப்பா.

ரிப்போர்ட்டில் 'உண்டு' என்று எழுதினால் அது ஆபீஸுக்கு வெற்றி. 'இல்லை' என்று எழுதினால் தோல்வி. ஊரைக் கேட்டால் கணக்கு வேறு மாதிரி வரும். இரண்டையும் கையால் எழுத வேண்டியவர் ஒரே மனிதர். அவருக்கு 37 வருஷமும் வாய் அடைத்துப்போனதில் என்ன ஆச்சரியம்?

"எப்படியோ, அந்த ஊர் தப்பித்தது" என்றேன்.

"அப்படியும் சொல்லிட முடியாது." கடப்பையிலேயே தும்மலபல்லிச் சமாசாரத்தைச் சொன்னார். அங்கே சுண்ணாம்புப் பாறையில் யுரேனியம் இருப்பது முன்னமே தெரியும். ஒரு டன்னில் 500 கிராம் கூடக் கிடையாது. அமிலத்தை ஊற்றிப் பிரிக்கலாம் என்றால் சுண்ணாம்பே அமிலத்தைக் குடித்துத் தீர்த்துவிடும். ஆகையால் வருஷக்கணக்கில் அதை யாரும் சீந்தவில்லை. பிறகு காரத்தில் வேகவைத்துப் பிரிக்கும் வழி கைக்கு வந்தது. 2012-ல் சுரங்கம் வேலை செய்யத் தொடங்கிவிட்டது. தண்ணீர் கெட்டது, வாழை கெட்டது என்று அக்கம்பக்கத்து விவசாயிகள் பின்னால் முறையிட்டதும் பத்திரிகைகளில் வந்தது.

"நாங்க போட்ட கோரை எறியறதில்லைடா. பெட்டி பெட்டியா வைச்சிருப்பாங்க. இன்னிக்கு வேண்டாததை நாளைக்கு ஒருத்தன் வந்து வேணும்பான். புதுசு புதுசா கருவி வருது; இப்போ ரொம்ப ஆழத்திலே இருக்கிற பாறையைக் கூட ஹெலிகாப்டர்லேயிருந்து பார்க்கிறாங்க. நான் அந்த ஊர்லே இல்லைன்னு எழுதினேன் பாரு, அது 180 மீட்டர் வரைக்கும் இல்லைன்னுதான். அதுக்குக் கீழே நான் பார்க்கலை."

சிறிது நேரம் கழித்து, கட்டுப் போட்ட கண்ணைத் தடவிக்கொண்டே சொன்னார்:

"யாரும் பார்க்காம இருக்கட்டும்னு சில சமயம் தோணுது. அப்படி நினைக்கக் கூடாது. நான் அந்த இலாகாவிலே பென்ஷன் வாங்கறவன்."